சும்மா கிடந்த இடது கை

என் வலது கை திரும்பி வந்துவிட்டது. தோசை திருப்புகிறேன், தலை பின்னுகிறேன், பஸ்ஸில் உட்கார இடமில்லையென்றால் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலூரிலிருந்து சிதம்பரம்வரை நின்றபடியே போகிறேன். அதனால் யாரும் எனக்காகப் பரிதாபப்பட வேண்டியதில்லை. போன மாதம் என்னிடம் கீபோர்டு கற்றுக்கொள்ள வரும் ஒரு பெண்ணின் அம்மாவுக்கு எனக்கு வந்த அதே நோய் வந்துவிட்டது. "எப்பிடிக்கா தாங்குனீங்க?" என்று போனில் அழுதார். வெகுநேரம் பேசியும் ஒன்றையும் சரியாகச் சொல்லவில்லை என்று தோன்றியது. அவருக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத, அந்த நாட்கள்மேல் எனக்கு ஒரு பிரியமே இருப்பது தெரிகிறது. ஆஸ்பத்திரியை நினைத்து ஏங்குகிற பைத்தியம் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

முதலில் எங்கள் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் எதற்குப் பயந்தேன் என்பது புரியாது. என் கணவர் செல்வம் பகலில் பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரிக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். முகூர்த்த நாட்களில் கல்யாண வரவேற்புகளில் பாடுகிறவர். நான் கீபோர்டு. மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பேன். கச்சேரி என்றால் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து வாசிப்பேன். 2004 வாக்கில் எங்கள் குழுவில் டிரம்ஸ், தபேலா, கிட்டார் எல்லாம் இருந்தன. ஒரு வேன் நிறைய ஆள் போவோம். பிறகு டிராக் வந்தது. பாட்டின் பின்னணி இசை முழுவதும் சிடியில் பதிவாகியிருக்கும். பாடகரின் குரல் மட்டும் இருக்காது. அதைப் போட்டுவிட்டு மேலே பாட வேண்டியதுதான். டிரம்ஸ்காரர் நின்றுகொண்டார், தபேலாக்காரர் நின்றுகொண்டார், கிட்டார் வாசித்தவர் துபாய்க்கே போய்விட்டார். 2008-இல் மேடையில் மிஞ்சியது அவரும் நானும் சிடி பிளேயரும்தான்.

குழு இருந்த காலத்தில்கூட என் இடது கை பெரிதாக உழைத்ததில்லை. கீபோர்டின் இடது பக்கம் கார்டு, அதாவது மூன்று கட்டைகளைச் சேர்த்து, அழுத்தினால் போதும், அதுவே தாளமும் பேஸும் போட்டுக்கொள்ளும். பேஸ் என்றால் பாட்டுக்கு அடியில் நடந்துகொண்டே இருக்கும் கனத்த சத்தம். அங்கே இடது கை வெறும் சுவிட்ச். டிராக் வந்ததும் அந்த வேலையும் போயிற்று. தாளம், பேஸ், கார்டு எல்லாம் டிராக்கிலேயே இருக்கின்றன. வலது கை புல்லாங்குழல் துண்டும் வயலின் துண்டும் வாசித்துக் கைதட்டல் வாங்கும்போது, இடது கை என் மடியில் கிடக்கும். இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். எனக்கு வெள்ளைக் கட்டைகளில் மட்டும்தான் வாசிக்க வரும். பாட்டு எந்தச் சுருதியில் இருந்தாலும் டிரான்ஸ்போஸ் என்ற வசதியை வைத்துச் சமாளித்துவிடுவேன். விரல் பழகிய இடத்திலேயே வாசிக்கும், சுருதி மட்டும் வேண்டிய அளவுக்கு ஏறியோ இறங்கியோ வரும். என்னைப் போல நிறையப் பேர் உண்டு. யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள்.

அதே 2008 மழைக்காலத்தில் எனக்கு ஒரு காய்ச்சல் வந்து போனது. கஞ்சியும் மாத்திரையுமாகச் சரியான சாதாரணக் காய்ச்சல். அது போய் இரண்டு வாரம் இருக்கும், ஒரு விடியற்காலை வலது தோளில் வலி எழுப்பியது. கடைவாய்ப்பல் வலியை எடுத்துத் தோளில் வைத்தாற்போல இருந்தது. படுக்க முடியவில்லை, உட்கார முடியவில்லை, கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நடந்தேன். முதல் நாள் கச்சேரியில் ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கியிருந்தேன். "நான்தான் தூக்காதன்னு சொன்னேன்ல" என்றார் இவர். எங்கே சொன்னார்? "ஒரு கை புடி" என்றுதான் சொன்னார். ஆனால் அந்த வலியில் சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

திருப்பாப்புலியூரில் சுளுக்கு வழிக்கிறவர் ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போனார். விளக்கெண்ணெய் போட்டு அவர் வழித்த வழியில் தெருவே எட்டிப் பார்த்தது. "நரம்பு பெசகிக்கிச்சு, நாலு தடவ வழிச்சா போயிரும்" என்றார். சொன்னபடியே ஒரு வாரத்தில் வலி குறைந்தும்விட்டது. நாங்கள் இரண்டு பேரும் அவரைப் புகழ்ந்து தீர்த்தோம், தீபாவளிக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுக்கலாம் என்றுகூடப் பேசிக்கொண்டோம். வலி போனதுதான் நோயின் அடுத்த படி என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் தோசைக் கரண்டி கையிலிருந்து நழுவியது. ஜாக்கெட் ஊக்கு மாட்ட வரவில்லை. மாலையில் பாடம் எடுக்க உட்கார்ந்து சரளி வரிசையை வாசித்துக் காட்டினேன். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் கட்டையின்மேல் இருந்தன, ஆனால் அழுத்தவில்லை. "மிஸ், சத்தமே வரல" என்றது ஒரு குழந்தை. நான் சிரித்துச் சமாளித்துவிட்டு உள்ளே போய்ச் சுவரோடு சாய்ந்து நின்றேன். பக்கவாதம் என்றுதான் நினைத்தேன். எனக்கு அப்போது முப்பத்தாறு வயது.

சிதம்பரத்தில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, நரம்புக்குத் தனி டாக்டர் இருக்கிறார்கள் என்று சொன்னார்கள். பஸ்ஸில் போனோம். ஆலப்பாக்கம் தாண்டும்வரை இவர் பஸ் டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். பிறகு, "பயப்படாத, சுமதி" என்றார். அவர் முகத்தைப் பார்த்துத்தான் எனக்கு அதிகமாகப் பயம் வந்தது.

வெளிநோயாளிகள் கூடத்தில் பெஞ்சு முழுவதும் ஆள். காத்திருந்த நேரத்தில் என் எதிரே இருந்த ஒவ்வொருவரின் கையையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் பீடிக்கட்டைத் திருகினார், ஒரு பெண் குழந்தைக்கு மூக்குச் சிந்திவிட்டாள். இத்தனை பேருக்கு இத்தனை விரல் வேலை செய்கிறதே என்று எரிச்சலாக வந்தது. எரிச்சலும் ஒரு துணைதான்.

நரம்பு டாக்டர் ஒரு பெண். அளந்து பேசுகிறவர். "கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேத்து ஒரு வளையம் பண்ணுங்க" என்றார். இடது கை அழகான வளையம் செய்தது. வலது கையில் இரண்டு விரல்களும் மடங்காமல் தட்டையாக ஒட்டிக்கொண்டு நின்றன.

"வலிக்கு முன்னாடி காய்ச்சல் எதுவும் வந்துதா?"

"வந்துச்சு டாக்டர். ஆனா அது வேற, இது வேற."

"வேற இல்ல. அட்மிட் ஆயிடுங்க" என்றார்.

பிறகு சோதனைகள். கழுத்துக்கு எக்ஸ்ரே, அப்புறம் குகைக்குள் தள்ளிப் படம் எடுக்கும் ஸ்கேன். ஸ்கேன் செலவுக்கு என் வளையல் அடகுக்குப் போயிற்று, பிறகு மீட்டோம், அந்தக் கதையை விடுங்கள். எனக்கு மறக்காதது நரம்புச் சோதனை. முதலில் கையில் சின்னச் சின்ன ஷாக் கொடுத்து விரல் துள்ளுகிறதா என்று பார்ப்பார்கள். சுரீரென்று இருக்கும், தாங்கலாம். அப்புறம் மெல்லிய ஊசி ஒன்றைத் தசைக்குள் குத்தி, "மடக்குங்க, விடுங்க" என்பார்கள். தசை வேலை செய்வதை அந்த மெஷின் சத்தமாக மாற்றி ஒலிபெருக்கியில் போடும். என் வலது முன்கையில் ஓட்டிலிருந்து சொட்டுவது போல ஒன்றிரண்டு சொட்டுச் சத்தம்தான் வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க இடது கையில் குத்தினார்கள். அடைமழை! அறையே அதிர்ந்தது. ஒரு நாளும் கைதட்டல் வாங்காத கை, மெஷினில் இப்படிக் கொட்டுகிறதே என்று அதைத் திரும்பிப் பார்த்தேன்.

டாக்டர் விளக்கிச் சொன்னதை அப்படியே சொல்கிறேன். கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புகள் தோளுக்குப் பக்கத்தில் பின்னிக்கொண்டு ஒரு கட்டாகப் போகின்றன. சிலருக்குக் காய்ச்சலை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் காவல், காய்ச்சல் போனபிறகும் அடங்காமல் அந்த நரம்புக் கட்டையே தாக்கிவிடும். நரம்பு வீங்கும். முதலில் தாங்க முடியாத வலி, வலி போனதும் பலவீனம். பிரேக்கியல் நியூரைட்டிஸ் என்று பெயர். பக்கவாதம் இல்லை. ஸ்பீக்கர் பெட்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றதும் இவர் முகம் தெளிந்ததைப் பார்க்க வேண்டுமே.

"கை வந்துருமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"பெரும்பாலும் வந்துரும். மாசக்கணக்குல மெதுவா வரும். சில பேருக்கு மட்டும் முழுசா வராம கொஞ்சம் நின்னுடும்."

அந்தச் 'சில பேர்' என்னுடன் வார்டுவரை நடந்து வந்து, என் கட்டிலிலேயே படுத்துக்கொண்டார்கள்.

என்னைப் பார்த்துக்கொள்ள என் நாத்தனார் தேவகி வந்தாள். இவருக்குத் தங்கை. காட்டுமன்னார்கோயிலில் வாழ்க்கைப்பட்டவள். காலையில் சமைத்து எடுத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்துவிடுவாள். முதல் நாள் தூக்குச்சட்டியைத் திறந்து வைத்துவிட்டு, நான் என்ன செய்கிறேன் என்று பார்த்தாள். நான் சாப்பாட்டை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வலது கை வாய்வரை எழவில்லை. இடது கையைச் சோற்றில் வைக்க மனம் வரவில்லை. சின்ன வயதில் இடது கையால் ஒரு முறுக்கை எடுத்ததற்கு முதுகில் அடி வாங்கியவள் நான். பீச்சாங்கையால் சாப்பிடக் கூடாது, கொடுக்கக் கூடாது, வாங்கக் கூடாது. இந்தக் கைக்கு நாம் விதித்திருக்கும் தடைகள் கொஞ்சமா?

"வாயத் தொறங்க அண்ணி" என்று தேவகி பிசைந்து ஊட்டினாள். வாழைக்காய்ப் பொரியலைச் சோற்றுக்குள் மறைத்து வைத்து உருட்டுவாள், எனக்குப் பிடிக்கும் என்பதற்காக. எனக்கு அம்மா இறந்த பிறகு யாரும் ஊட்டியதில்லை. அந்த வார்டில் நான் கண்ணீர் விட்டது நோய்க்காக இல்லை, அந்த வாழைக்காய்ப் பொரியலுக்காக.

பக்கத்துக் கட்டிலில் பிச்சாவரம் பக்கத்து அஞ்சலை. வீட்டுக்காரர் மீன் பிடிக்கிறவர். இவளுக்கு முகவாதம், அதாவது முகத்தின் ஒரு பக்கத்து நரம்பு மட்டும் அசந்துபோய், வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. "நீ பாதிக் கை, நான் பாதி வாய். ரெண்டு பேரையும் சேத்தா ஒரு முழு பொம்பள" என்பாள். அவள் சிரித்தால் பாதி முகம்தான் சிரிக்கும், ஆனால் வார்டு முழுவதும் கேட்கும்.

கை சரியாவதற்குள் ஒரு வரவேற்பு வந்துவிட்டது. முன்பே ஒத்துக்கொண்டது, சிதம்பரத்திலேயே, தெற்கு வீதிப் பக்கம். இவர் தனியாகப் போய்ப் பாடிவிட்டு மறுநாள் காலை தாம்பூலப் பையோடு வார்டுக்கு வந்தார். தேவகிக்கு லட்டைக் கொடுத்தார், அஞ்சலைக்கு முறுக்கைக் கொடுத்தார்.

"எப்பிடிப் போச்சு?" என்றேன்.

"பரவால்ல. டிராக்க வெச்சே ஓட்டிட்டேன். யாரும் ஒண்ணும் கேக்கல."

என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னார். எனக்கு ஊசி குத்தியதைவிட அது வலித்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கீபோர்டு எங்கே என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. டிரம்ஸ்காரரும் தபேலாக்காரரும் நின்றபோது நானும்தான் கேட்கவில்லை. கை வராமல் போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம். கை வந்தாலும் அதற்குள் என் நாற்காலியை மடித்து வைத்துவிடுவார்கள் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. பதினோரு வருடம் அவர் முதுகைப் பார்த்தபடி வாசித்திருக்கிறேன். அந்த முதுகுக்குப் பின்னால் நான் இல்லாவிட்டாலும் அது அப்படியேதான் நிற்கும் என்பதை ஏற்க முடியவில்லை.

"அடுத்த கச்சேரிக்கு நான் வரேன்" என்றேன்.

"எந்தக் கையால?"

"இருக்குற கையால."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. மறுநாள் குழந்தைகள் பழகுகிற சின்ன கீபோர்டைப் பழைய புடவையில் சுற்றிக் கொண்டுவந்துவிட்டார், கூடவே ஹெட்போன், சிடி பிளேயர். மதியம் வார்டு அடங்கியபிறகு வராந்தாவில் வாசிக்க நர்சம்மா அனுமதித்தார். ஹெட்போனின் ஒரு காது எனக்கு, இன்னொன்று அஞ்சலைக்கு. அவள் விடமாட்டேன் என்றாள்.

டிராக்கைப் போட்டுவிட்டு இடது கைக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன்: கார்டு அழுத்தினேன், அடியில் பேஸ் சுரத்தைத் தட்டினேன்.

"எம்மா, நீ வாசிக்கிறியா இல்லியா? ஒண்ணும் தெரியலியே" என்றாள் அஞ்சலை.

உண்மைதான். டிராக்கில் இருப்பதையே நானும் வாசித்தால் என்ன தெரியும்? சத்தம்தான் சேறாகக் குழம்பியது. சரி என்று, பாட்டின் மெட்டையே இடது கையால் தடவித் தடவி வாசித்துப் பழகினேன். சில நாளில் ஓரளவு வந்தது. இவரைப் பாடச் சொல்லிக் கூடவே வாசித்தேன். பாதியில் நிறுத்தினார்.

"நான் பாடுறதையே நீயும் வாசிச்சா, ஜனங்க யாரக் கேக்குறது?"

கோபம் வந்தது. அடியில் பேஸ் டிராக்குக்கு, மேலே மெட்டு அவருக்கு. அப்புறம் எனக்கு என்னதான் மிச்சம்? ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டேன். ஆனாலும் இப்போது நினைத்துப் பார்த்தால், அந்த வராந்தாவும், வேப்பமரத்து நிழலும், ஒரு காதில் பாட்டும் மறு காதில் அஞ்சலையின் பேச்சும் எவ்வளவு நன்றாக இருந்தன! அதற்கு முன் நான் எந்த மதியத்திலும் எனக்காக வாசித்ததே இல்லை.

டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்தேன். கையை ஒரு துணித் தொட்டிலில் போட்டுக் கழுத்தில் மாட்டியிருந்தார்கள். தினமும் பிசியோதெரபி: மாவு பிசைவது, துணிக் கிளிப்பைத் திறக்க முயல்வது. கிளிப் திறக்கவே இல்லை. இதற்கிடையே சிதம்பரத்தில் இன்னொரு வரவேற்பு. சொன்னபடி போனேன். தேவகி வந்து புடவை கட்டிவிட்டாள், துணித் தொட்டில் தெரியாமல் முந்தானையை இழுத்துச் சுற்றிவிட்டாள், தலை நிறையப் பூ வைத்துவிட்டாள். "எப்பிடியிருக்கீங்க தெரியுமா அண்ணி? பொண்ணுக்கே பொறாம வரும்" என்று முதல் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

எங்கள் கீபோர்டில் டிரான்ஸ்போஸ் மாற்ற ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே, மறுகோடியில் இருக்கும் இன்னொன்றைத் தட்ட வேண்டும். அதற்கு இரண்டு கை வேண்டும். எனவே ஒவ்வொரு பாட்டுக்கு முன்னும் இவர் திரும்பி வந்து மாற்றிக் கொடுப்பதென்று பேசி வைத்திருந்தோம். முதல் இரண்டு பாட்டும் அப்படியே போயின. நான் பயந்து பயந்து கார்டு அழுத்தினேன், யாருக்கும் கேட்டிருக்காது. மூன்றாவது பாட்டுக்கு முன் பெண்ணின் தாய்மாமன் மேடைக்கு வந்தார். பட்டு வேட்டி, கழுத்தில் சங்கிலி. இவரைத் தனியாக அழைத்தார். தனியாக என்றுதான் பெயர், மைக்குக்குத்தான் கேட்கவில்லை, எனக்குக் கேட்டது.

"என்னா சார், கை முடியாதவங்கள கூட்டியாந்து உக்கார வெச்சிருக்கீங்க. நல்ல காரியம் நடக்குற எடத்துல பீச்சாங்கையால வாசிக்கிறதாவது! டிராக்க மட்டும் போடுங்க, போதும்."

நான் தலை குனிந்துகொண்டேன். இவர் என்ன சொல்வார் என்பதைவிட, இவர் என் பக்கம் திரும்பிப் பார்ப்பாரோ என்றுதான் பயந்தேன். பார்த்தால் நானே எழுந்து போயிருப்பேன்.

"அவுங்க இல்லாம எனக்குப் பாட வராது சார்" என்றார்.

பச்சைப் பொய். அதே ஊரில் கொஞ்ச நாள் முன்புதான் தனியாகப் பாடிவிட்டு வந்திருந்தார், யாரும் ஒன்றும் கேட்கவில்லை என்றும் சொல்லியிருந்தார். மாமன் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு இறங்கினார். இவர் பதற்றத்தில் நேராகப் போய் அடுத்த டிராக்கை ஓடவிட்டு மைக்கைப் பிடித்தார். டிரான்ஸ்போஸை மாற்ற மறந்துவிட்டார்.

அது மெதுவான ஒரு காதல் பாட்டு. நான் வழக்கமான இடத்தில் கை வைத்தேன். ஐயோ, அந்தச் சத்தம்! டிராக் ஒரு சுருதியில், நான் அதற்கு அரைச் சுருதி மேலே. முதல் வரிசையில் ஒருவர் காதைக் குடைந்தார். கையை வெடுக்கென்று எடுத்துவிட்டேன். என்ன நடந்தது என்பது உடனே புரிந்துவிட்டது. பொத்தானை மாற்ற முடியாது, பாடுகிறவர் திரும்ப முடியாது. வாசிக்காமல் உட்கார்ந்திருந்தால் மாமன் சொன்னது சரியாகிவிடும். பழகிய வெள்ளைக் கட்டைகளில் பெரும்பாலானவை இப்போது எதிரிகள். என்ன ஆனாலும் ஆகட்டும் என்று, அவர் ஒரு வரி பாடி மூச்சு வாங்கிய நேரத்தில், வாழ்நாளில் தொடாத கறுப்புக் கட்டைகளில் ஒன்றை மெல்லத் தொட்டேன்.

பொருந்தியது. இன்னொன்றைத் தொட்டேன். அதுவும் பொருந்தியது. ஐந்து கறுப்புக் கட்டைகளில் எதைத் தொட்டாலும் பாட்டோடு ஒட்டியது. இதன் கணக்கை வீட்டுக்கு வந்துதான் போட்டுப் பார்த்தேன். அரைச் சுருதி ஏறியிருந்ததால் அந்த ஐந்தும் அந்தப் பாட்டுக்கு ரி, க, ப, த, நி. ஸவும் மவும் மட்டும் கிடையாது. ஸ இல்லாமல் எப்படி என்றால், அதைத்தான் டிராக்கின் பேஸ் ஓயாமல் வாசித்துக்கொண்டிருக்கிறதே! நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் அடித்துக் குழப்பிய சுரம், இப்போது எனக்குக் கிடைக்காத இடத்தில் இருந்தது. எல்லாம் பயத்தில் தொட்டதுதான், அதனால் ஒரு நேரத்தில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அவர் பாடும்போது தொடத் தைரியமில்லை, எனவே அவர் மூச்சு வாங்கும்போது மட்டும். அவர் முடித்த இடத்திலிருந்து ஒரு சின்ன பதில், அவ்வளவுதான். சரணத்தில் அவர் முதுகு ஒரு கணம் நிமிர்ந்தது. அடுத்த வரியின் கடைசியில் அவர் கொஞ்சம் அதிகமாகவே இடம் விட்டார். நான் அதில் புகுந்தேன். அதற்கடுத்த வரியிலும் விட்டார். பதினோரு வருடத்தில் மேடையில் நாங்கள் முதன்முதலாகப் பேசிக்கொண்டது அன்றைக்குத்தான்.

தாய்மாமன் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. கிளம்பும்போது தாம்பூலத் தட்டோடு வந்து நின்றார். வலது கை முந்தானைக்குள். இடது கையை நீட்ட முடியாமல் நான் முந்தானையை ஏந்தப் போனேன். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, "பரவால்ல, கையில வாங்கிக்கம்மா" என்றார். "அந்த மெதுவான பாட்டு ஜாஸ்தி நல்லா இருந்துச்சு." வாங்கிக்கொண்டேன்.

அதன்பிறகு பல மாதம் இடது கையோடுதான் குடித்தனம். வெறும் தவறில் கிடைத்ததை வேண்டுமென்றே செய்யப் பழக வேண்டாமா? டிராக்கை முதலில் வாசிக்காமல் கேட்பேன், எங்கே காலியாக இருக்கிறது என்று பார்க்க. ஸவைத் தொடக் கூடாது என்று எனக்கு நானே தடை போட்டுக்கொண்டேன். இரண்டு சுரம் போதும். கார்டு மாறும்போது அந்த இரண்டில் ஒன்று பக்கத்துக் கட்டைக்கு நகர்ந்தால் போதும். பேஸ் இருக்கிற பக்கம் இறங்காமல் நடுவிலேயே நிற்க வேண்டும். எல்லாச் சுருதியிலும் கறுப்பு, வெள்ளை பார்க்காமல் விரலைப் பழக்கினேன். டிரான்ஸ்போஸை விட்டொழித்தேன். இவர் கம்பெனியிலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் ஒரு பாட்டு பாடிவிட்டுத்தான் காபி குடிப்பார். வருமானம் குறைந்த வருடம் அது, மருந்துக்கே சரியாகப் போகும். ஆனாலும் எங்கள் கல்யாண வாழ்க்கையில் நல்ல வருடம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

ஒரு நாள் துணிக் கிளிப் திறந்தது. பிறகொரு நாள் சிந்திய கடுகைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, இரண்டு விரலும் வளையமாக மடங்கியிருப்பதைப் பார்த்துக் கத்திவிட்டேன். மறுபரிசோதனைக்குப் போனபோது டாக்டர் கையை மடக்கிப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தார். வராந்தாவில் அஞ்சலையைப் பார்த்தேன். அவளும் அன்றைக்கு வந்திருந்தாள். இப்போது முழு முகமும் சிரித்தது. அந்தப் பாதிச் சிரிப்புத்தான் அழகு என்று சொன்னேன், அடிக்க வந்தாள்.

இரண்டு கையும் சரியான பிறகு வந்த முதல் கச்சேரி கடலூரிலேயே. தேவகி ஊரிலிருந்து வந்து முதல் வரிசையில் இடம் பிடித்திருந்தாள். நான் வலது கையைக் காட்ட வேண்டும் என்ற வெறியோடு உட்கார்ந்தேன். புல்லாங்குழல் துண்டு, வயலின் துண்டு, ஒன்று விடவில்லை. கை ஒரு வருடத்துப் பசியோடு ஓடியது, ஜனங்கள் கைதட்டினார்கள். அப்புறம் அந்த மெதுவான பாட்டு வந்தது. அதிலும் வலது கை விழுந்து புரண்டது.

சரணத்தில் முதல் வரி பாடி முடித்தவர் அடுத்த வரியைத் தொடங்கவில்லை. டிராக் போய்க்கொண்டே இருக்கிறது, அவர் நிற்கிறார். வரி மறந்துவிட்டதோ என்று பதறினேன். மேடையில் பாட்டுக்கு நடுவில் ஒரு நாளும் திரும்பாதவர், தலையைத் திருப்பி என் முகத்தைக்கூடப் பார்க்காமல் கீபோர்டின் இடது பக்கத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. இடது கை என் மடியில் கிடந்தது.

அந்த மண்டபத்தில் மாமனிடம் அவர் சொன்னது இப்போது பொய் இல்லை என்று எனக்குப் புரிந்தது. கண் கலங்கிவிட்டது. வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் இரண்டு சுரம் தொட்டேன். அவர் முன்னால் திரும்பிப் பாட ஆரம்பித்தார்.

அதற்குள் முதல் வரிசையில் பரபரப்பு. தேவகி எழுந்து புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடைப் படியேறி ஓடி வந்துவிட்டாள். என் மடியில் கிடந்த வலது கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ அண்ணி, மறுபடியும் கை போயிருச்சா?" என்றாள்.

"இல்லடி, நல்லாத்தான் இருக்கு" என்றேன். "கொஞ்ச நேரம் அது சும்மா கெடக்கட்டும்."